அட்டையின் பின்பக்கத்தைத் திருப்புங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் தெருமுனை மெடிக்கல்களில் ஒரே பேச்சுத்தான் கேட்கும்: "மூக்கு அடைக்குது, தலை பாரமா இருக்கு, லேசா காய்ச்சலும் அடிக்குது, மூணு வேளைக்கு ஏதாவது கொடுங்க." கடைக்காரர் ஒரு அட்டையை எடுத்து, கத்தரியால் மூன்று மாத்திரைகளை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். வாங்கியவருக்குத் தெரிந்ததெல்லாம் அது 'சளி மாத்திரை' என்பது மட்டும்தான். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் அந்தப் பெயரைப் பற்றித்தான். சளி மாத்திரை என்று தனியாக ஒரு மருந்து கிடையாது. அந்த ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகள், சிலவற்றில் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை, தனி அளவு, தனி ஆபத்து. நோயின் பெயரைச் சொல்லியோ விளம்பரத்தில் கேட்ட பெயரைச் சொல்லியோ வாங்குவதை விட்டுவிட்டு, உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்று பார்த்து வாங்கும் பழக்கத்துக்கு நாம் வந்தாக வேண்டும்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி நிறத் தாளில், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் இருக்கும். நம் கடைகளில் அதிகம் புழங்கும் வகை ஒன்றில் அது இப்படி இருக்கும்: பாராசிட்டமால் 500 மி.கி., ஃபீனைல்எஃப்ரின் 10 மி.கி., குளோர்ஃபெனிரமின் மாலியேட் 2 மி.கி. சில கம்பெனிகள் இதோடு கொஞ்சம் காஃபினும் சேர்க்கும். பாராசிட்டமால், காய்ச்சலையும் வலியையும் தணிக்க. ஃபீனைல்எஃப்ரின், மூக்கடைப்பைத் திறக்க என்று போடப்படுவது. குளோர்ஃபெனிரமின், ஒழுகும் மூக்கையும் தும்மலையும் அடக்க. அது தரும் தூக்கக் கலக்கத்தைக் காஃபின் ஓரளவு ஈடுகட்டும் என்று ஒரு கணக்கு. சரி, மூக்கு மட்டும் ஒழுகுகிறவருக்குப் பாராசிட்டமால் எதற்கு? தலைவலி மட்டும் இருப்பவர் தூக்கம் வரவைக்கும் மருந்தை ஏன் விழுங்க வேண்டும்? 'சளி மாத்திரை' என்று கேட்டு வாங்கும்போது இந்தக் கேள்விகள் நம் மனசில் எழுவதே இல்லை.

பாராசிட்டமால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சரியான அளவில் இதைப்போல நம்பகமான காய்ச்சல் மருந்து வேறில்லை. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 4,000 மி.கி. என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கொரோனாவுக்குப் பிறகு 650 மி.கி. மாத்திரை வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. காய்ச்சல்காரர் ஒருவர் அதை ஒரு நாளில் நாலு வேளை போடுகிறார்: 2,600 மி.கி. மூக்கடைப்புக்கென்று சளி மாத்திரை மூன்று வேளை: 1,500 மி.கி. இரண்டையும் கூட்டினாலே 4,100. உடம்பு வலிக்கிறது என்று, அசெக்ளோஃபெனாக்கோடு 325 மி.கி. பாராசிட்டமாலும் சேர்ந்த வலி மாத்திரையை இரண்டு வேளை போட்டால் இன்னொரு 650. மொத்தம் 4,750 மி.கி. இவர் எந்த மாத்திரையையும் சொன்ன அளவுக்கு மேல் போடவில்லை. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது மூன்றிலும் ஒரே மருந்து.

ஒரு நாள் 4,750 மி.கி. போட்டதும் ஆள் விழுந்துவிடுவார் என்று பயமுறுத்த நான் வரவில்லை. பெரும்பாலானோர் தாங்கிவிடுவார்கள். ஆனால் 4,000 என்பது நல்ல எடையும் நல்ல கல்லீரலும் உள்ளவருக்கான உச்சவரம்பு. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காய்ச்சலில் மூன்று நாளாகச் சோறே இறங்காமல் கிடப்பவர்கள் ஆகியோருக்கு எல்லை இன்னும் கீழே இருக்கிறது. காரணம் இதுதான்: பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாமல் மாற்றி வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறும். கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் பிடித்து முடக்கிவிடும். அளவு மீறினாலோ, பட்டினியால் குளுட்டாதயோன் இருப்பு குறைந்துபோனாலோ, பிடிபடாத நச்சு கல்லீரல் செல்களையே தின்னத் தொடங்கும். இதில் கொடுமை என்னவென்றால் உடம்பு உடனே காட்டிக்கொடுக்காது. முதல் நாள் குமட்டல், வியர்வை, சோர்வு. சளிக் காய்ச்சல்காரருக்கு அதெல்லாம் சளியால் வந்தது என்றே தோன்றும். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில்தான் கண் மஞ்சளாகும். முறிமருந்து இருக்கிறது. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர், முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அருமையாக வேலை செய்யும். தான் அளவு மீறியதே தெரியாத மனிதர் எட்டு மணி நேரத்துக்குள் எப்படி ஆஸ்பத்திரிக்கு வருவார்?

இதற்குச் சான்று இருக்கிறது. 1998 முதல் 2003 வரை அமெரிக்காவின் 22 மருத்துவ மையங்களில், கல்லீரல் திடீரென்று செயலிழந்து சேர்க்கப்பட்ட 662 பேரை ஆராய்ந்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 275 பேருக்குக் காரணம் பாராசிட்டமால். அந்த 275 பேரில் 131 பேர் தற்கொலை எண்ணமே இல்லாமல், வலிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை போட்டவர்கள். அப்படித் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களில் 38 சதவீதம் பேர், பாராசிட்டமால் உள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை ஒரே சமயத்தில் எடுத்திருந்தார்கள். மேலே நான் போட்ட கூட்டல் கணக்குதான் அங்கே நடந்திருக்கிறது.

"அது அமெரிக்கக் கதை, நம் ஊரில் அப்படியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவில் கல்லீரல் திடீரென்று செயலிழக்க ஹெபடைடிஸ் வைரஸ்கள்தான் பெரிய காரணம். ஆனால் நமக்கென்று ஓர் ஆபத்து தனியாக இருக்கிறது, அதன் பெயர் டெங்கு. சளி மாத்திரை அதிகம் விற்கும் அதே மழைக்காலத்தில்தான் தமிழ்நாட்டில் டெங்குவும் வருகிறது. முதல் இரண்டு நாளில் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்று பார்த்தால் எது சாதாரணக் காய்ச்சல், எது டெங்கு என்று வீட்டில் இருப்பவர் பிரித்துச் சொல்லிவிட முடியாது. டெங்கு கல்லீரலையும் தாக்கும். அந்த நேரத்தில் பாராசிட்டமால் அளவு மீறினால் அடிபட்ட இடத்திலேயே அடி விழும். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் டெங்குவில் இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும் என்பதால் கூடவே கூடாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். மாத்திரையால் இறங்கியதா, நோயின் போக்கில் இறங்கியதா என்று தெரியாமல் 'சரியாகிவிட்டது' என்று வேலைக்குக் கிளம்புவது உயிருக்கே உலை வைக்கும்.

அடுத்து ஃபீனைல்எஃப்ரின். சளி மாத்திரையை மற்றக் காய்ச்சல் மாத்திரையிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதே இதுதான். 'சைனஸுக்கு' என்று விற்கும் தகுதியை மாத்திரைக்குத் தருவதும் இதுதான். இதன் கதை தெரிந்தால் கோபம் வரும். முன்பு இந்த இடத்தில் சூடோஎஃபெட்ரின் இருந்தது. மூக்கடைப்பை உண்மையிலேயே குறைக்கும் மருந்து அது. ஆனால் அதிலிருந்து மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளைக் காய்ச்சி எடுக்க முடியும் என்பதால், 2006-இல் அமெரிக்கா அதைக் கடை மேசைக்குப் பின்னால் பூட்டி வைத்து, ஆள் அடையாளம் பார்த்து விற்கச் சொன்னது. கம்பெனிகள் பல, தடையில்லாமல் விற்கக்கூடிய ஃபீனைல்எஃப்ரினுக்கு மாறிக்கொண்டன. மூக்கில் சொட்டாக விட்டால் ஃபீனைல்எஃப்ரின் வேலை செய்யும். வாயால் விழுங்கினால் குடல் சுவரும் கல்லீரலும் அதைச் சிதைத்துவிடுகின்றன. மூக்கில் வேலை செய்யும் வடிவத்தில் இரத்தத்துக்குப் போய்ச் சேர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ்லி ஹெண்டெல்ஸ், ராண்டி ஹாட்டன் என்ற இரண்டு மருந்தியல் பேராசிரியர்கள் 2007-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் மனுக் கொடுத்தார்கள். 2015-இல் மறுபடியும் கொடுத்தார்கள். அதே ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் 539 பேருக்கு 10 மி.கி. முதல் 40 மி.கி. வரை கொடுத்துப் பார்த்தும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. 2023 செப்டம்பரில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 16 பேரும் ஒருமனதாக, வாயால் விழுங்கும் ஃபீனைல்எஃப்ரின் மூக்கடைப்புக்குப் பயன்படவில்லை என்று வாக்களித்தார்கள். 2024 நவம்பரில் அதைக் கடைச் சரக்கிலிருந்து நீக்கும் முன்மொழிவை எஃப்.டி.ஏ. வெளியிட்டது. ஆபத்தானது என்பதற்காக எடுத்த முடிவு இல்லை இது. பயனில்லை என்பதற்காக.

"நான் போட்டால் மூக்கு திறக்கிறதே!" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. சளி தானாகவே கூடியும் குறைந்தும் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும் நோய். மிகவும் முடியாத நேரத்தில்தான் மாத்திரை போடுகிறோம், அதற்குப் பிறகு இயல்பாகவே கொஞ்சம் தணியும். அதே மாத்திரையில் இருக்கும் பாராசிட்டமால் தலைபாரத்தைக் குறைக்கும், குளோர்ஃபெனிரமின் ஒழுகலைக் காயவைக்கும். இன்னும் வலுவான எதிர்வாதம் ஒன்றும் இருக்கிறது. கூட்டு மாத்திரைகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கை, பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சளியில் இவற்றால் மொத்தமாக ஓரளவு நிவாரணம் கிடைக்கிறது என்றே சொல்கிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ஓரளவு நிவாரணத்தை நமக்கு வேண்டிய மருந்தைத் தனியாகப் போட்டும் பெறலாம், அப்படிச் செய்தால் எதை எவ்வளவு போட்டோம் என்பது நம் கையில் இருக்கும். அதே அறிக்கை, சின்னக் குழந்தைகளுக்கு இவை பயன்தருவதாகச் சான்றே இல்லை என்றும் சொல்கிறது.

குளோர்ஃபெனிரமினைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, இரண்டு பேரை மட்டும் நினைவுபடுத்தினால் போதும். ஒருவர் வண்டி ஓட்டுகிறவர். இந்த மருந்தில் பாதி வெளியேறவே பெரியவர்களுக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும் என்பதால், ராத்திரி போட்ட மாத்திரையின் மந்தம் காலையில் ஸ்டியரிங் பிடிக்கும்போதும் மிச்சம் இருக்கும். மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இன்னொருவர் வீட்டுப் பெரியவர். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், ஒருவகைக் கண் அழுத்த நோய் உள்ள பாட்டிக்குத் திடீரென்று கண் வலித்துப் பார்வை போகலாம். 'வெறும் சளி மாத்திரைதானே' என்று பேரன் வாங்கிவந்து கொடுப்பது இந்த மருந்தையும் சேர்த்துத்தான்.

குழந்தைகள் விஷயத்தில் நாம் அநியாய விலை கொடுத்துவிட்டோம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததற்குக் காரணமான சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டுபிடித்தது. சிறுநீரகத்தை அழித்தது அந்த நச்சுத்தான், லேபிளில் எழுதியிருந்த மருந்துகள் காரணமில்லை. இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த லேபிளில் எழுதியிருந்தவை எவை? பாராசிட்டமால், ஃபீனைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின். நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே மூன்று. குளோர்ஃபெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி, 2023 டிசம்பரிலேயே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி உத்தரவிட்டிருந்தார். இறந்தவர்களில் பலர் ஐந்து வயதுகூட நிரம்பாத பிஞ்சுகள். சிரப்பே தேவைப்படாத சளிக்குச் சிரப் என்ற பழக்கம் இல்லாமலிருந்தால், அந்த நச்சு இத்தனை குழந்தைகளின் வாய்க்குப் போயிருக்காது. அதன்பிறகு மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று எடுத்துச் சொன்னது.

"அவ்வளவு மோசமென்றால் அரசாங்கம் விட்டுவைக்குமா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. விட்டுவைக்கும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் சளி மாத்திரைகளில் ஃபீனைல்புரோப்பனோலமின் என்ற மருந்து இருந்தது. மூளையில் இரத்தக்கசிவுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பது தெரிந்து, 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா அதைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டது. இந்தியாவில் தடை ஆணை வந்தது 2011 பிப்ரவரியில். அதே மருந்து சேர்ந்த ஒரு சளிக் கூட்டு, 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தடைசெய்த 156 கூட்டு மருந்துகளின் பட்டியலிலும் இருந்தது. 2016-இல் 344 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தார்கள். கம்பெனிகள் நீதிமன்றம் போயின, டெல்லி உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது, உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனைக்கு அனுப்பியது, 2018-இல் 328 மருந்துகளுக்கு மறுபடி தடை வந்தது. அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அறிவியல் ஒன்றைச் சொல்லி, அது கடை அலமாரிக்கு வந்துசேர ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அந்த இடைவெளியில் மாத்திரை போடுகிறவர்கள் நாம்தான்.

"ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கினால் செலவு, டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போச்சு" என்பதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். ஆனால் தனிப் பாராசிட்டமால் விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, மாத்திரை ஒன்றிரண்டு ரூபாய்தான். சாதாரணச் சளிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் அது ஒன்றே போதும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து பச்சைக் குழந்தைக்கும் பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு ரொம்பவும் முடியவில்லையென்றால் சைலோமெட்டாசோலின் போன்ற மூக்குச் சொட்டு மருந்து உண்மையிலேயே திறந்துவிடும். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளோடு நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தை விட்டதும் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். ஆவி பிடிப்பது நம் வீடுகளில் கைவிட முடியாத வழக்கம், பெரியவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். குழந்தையைக் கொதிக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் உட்காரவைத்துப் போர்வை மூடுவது மட்டும் வேண்டாம். சளி பத்து நாளைத் தாண்டினாலும், சரியாகி வந்து திடீரென்று மறுபடி காய்ச்சலும் முகவலியுமாகத் திரும்பினாலும், கண்ணைச் சுற்றி வீங்கினாலும், பார்வை மங்கினாலும் சளி மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதும் இலவசம், மருந்தும் இலவசம்.

கடைசியாக அந்தக் கத்தரி. பத்து மாத்திரை அட்டையில் பெயரும், உள்ளடக்கமும், காலாவதித் தேதியும் ஏதோ ஓர் ஓரத்தில் அச்சாகியிருக்கும். மூன்று மாத்திரைகளை வெட்டித் தரும்போது பெரும்பாலும் அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கும் படிக்க ஒன்றும் இருக்காது. அட்டையே இல்லாமல் கலர் கலராக உதிரி மாத்திரைகள் உறைக்குள் வந்தால், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது 'ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள்' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பொட்டலத்தை வாங்காதீர்கள். வெட்டித்தான் தருவார் என்றால், வெட்டுவதற்கு முன்னால் அட்டையின் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவரிடம் கேட்பது உங்கள் உரிமை. வீட்டில் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துப்போய் மேசைமேல் வைத்து, இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதுல எதுலெல்லாம் பாராசிட்டமால் இருக்கு, எத்தனை மில்லிகிராம்?"